அகழித் தண்ணீர்

அந்த விலங்குக் காட்சிசாலையில் அவரைக் குரங்கு மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சிங்கவால் குரங்குகளுக்குத் தீனி வைப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? "என் மூஞ்சியப் பாத்ததைவிட அதுங்க மூஞ்சியப் பாத்ததுதான் உங்களுக்கு அதிகம்" என்று மனைவி இடித்துக்காட்டுவாள். அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

மனுஷனுக்குச் சுத்தப் பைத்தியம். காலையும் மாலையும் ரப்பர் குழாயைப் பிடித்தாரென்றால் பீ, பழத்தோல், அழுகல் எல்லாம் அடித்துக்கொண்டு போய்க் கூண்டைச் சுற்றியிருந்த அகழியில் விழும். தரை அப்படி மின்னும்!

அந்தக் கோடையில் அகழித் தண்ணீர் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் ஆனது. ஒரே வாரத்தில் இரண்டு குரங்குகள் வாந்தியெடுத்துச் செத்தன. மிஞ்சியது மகாராணி என்ற பெண்குரங்கு மட்டும். அதுவும் ஐந்து மாதச் சினை. அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவர் காட்சிசாலையின் மிருக டாக்டரம்மாவின் பின்னாலேயே அலைந்தார்.

டாக்டரம்மா ஒரு சொட்டு அகழித் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். மணி கோத்த நூல் மாதிரி ஏதோ தெரிந்தது.

"நீலப்பச்சைப் பாசிண்ணே. இந்த வகை விஷம். இந்தத் தண்ணியத்தான் குரங்குங்க குடிச்சிருக்கு."

"இத்தனூண்டா என் புள்ளைங்களக் கொன்னுச்சு?"

"உங்க மகாராணி ஒரு குட்டிக்கு ஆறு மாசம் சுமக்கணும். அடுத்ததுக்கு ரெண்டு மூணு வருஷமாகும். இது ஒரே நாள்ல ரெண்டாகும், மறுநாள் நாலாகும். தீனி கெடைச்சாப் போதும்."

"எவன் இதுக்குத் தீனி போட்டான்?" என்று அவர் பாய்ந்தார்.

டாக்டரம்மா தயங்கினார். "கூண்டு கழுவுற தண்ணி எங்கண்ணே போகுது?"

அவர் மறுபடி ஒருமுறை நுண்ணோக்கிக்குள் பார்த்துவிட்டுக் கூண்டுக்கு ஓடினார்.

மகாராணியை உள்ளறைக்கு மாற்றி, வாளி நிறைய நல்ல தண்ணீர் வைத்தார். என்ன வைத்து என்ன? ஈரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் விரலைப் பிடித்தபடியே அது போய்விட்டது. வயிற்றிலிருந்த குட்டியும் பிழைக்கவில்லை. பாவி மனுஷன், வாய்விட்டு அழுதார்.

மறுநாள் காலை கூண்டைக் கழுவச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. குழாயைத் திறந்தார். அழுக்குத் தண்ணீர் அகழிப் பக்கம் ஓடவும், பதறிப்போய்த் தோளிலிருந்த துண்டைச் சுருட்டி வடிகாலை அடைத்தார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். கூண்டில் யாரும் இல்லை.

துண்டை உருவினார். தண்ணீர் சலசலவென்று அகழியில் விழுந்தது.

"தின்னு" என்றார் பாசியைப் பார்த்து. "இத்தன வருஷமா உன்னத்தானே வளத்திருக்கேன்."