பாப்பாக்காவின் பக்பக்

பாப்பாக்கா, உங்கள் சாவுச் செய்தியை மட்டும் யாரும் தள்ளிப்போட்டுச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தையல் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ்காரர் போன் செய்து, "அக்கா மெஷின் மேலயே சாஞ்சிட்டாங்க, உயிர் இல்ல, வந்துடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நீங்களாக இருந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டிருப்பீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாப்பாக்கா என் கூடப்பிறந்தவர். சேலையூரில் ஜாக்கெட் தைத்துப் பிழைத்தார். எந்தச் செய்தியையும் உடனே சொல்லமாட்டார். என் எட்டாவது ரிசல்ட்டைப் பார்த்துவர அவர்தான் போனார். வந்ததும், "சாப்ட்டு சொல்றேன்" என்று உட்கார்ந்தார். மறுசோறு வாங்கி ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகுதான், "பெயிலு. நாளையிலேர்ந்து வூட்ல இரு" என்றார். என் படிப்பு அதோடு சரி.

என் வீட்டுக்காரர் பெருங்களத்தூரில் பஸ் இடித்து விழுந்த அன்றும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காதான் ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் வாசலுக்கே ஓடிவந்து கேட்டேன். செருப்பை விட்டு, முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு, "காலு ஒடஞ்சிகீது, அவ்ளோதான்" என்றார்.

எதிர்வீட்டம்மா பொறுக்கமாட்டாமல், "ஏன்க்கா, இப்படி அவ உயிர எடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"எங்க எடுத்தேன்? கொஞ்ச நேரம் புடிச்சினு இருந்தேன்."

பக்பக் என்பது அக்கா அடிக்கடி சொல்கிற வார்த்தை. "பயம் வேற, பக்பக் வேறடி. நாயப் பாத்தா பயம். நாய் கீற வூட்டு கேட்டத் தொறக்கறப்ப வருது பாரு, அது பக்பக்" என்பார். ஏன் எங்களுக்கு அதையே கொடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "சொல்லிட்டா அப்புறம் யாருடி என் மூஞ்சியப் பாக்கறீங்க?" என்றார். புருஷன் விட்டுப்போனவர். ஆனாலும் எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இப்போதும் வருகிறது.

என் மகளுக்கு வரன் கொண்டுவந்ததும் அவர்தான். பையனுக்குச் சிறுசேரியில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். முன்பு வந்த இடங்களெல்லாம் தட்டிப்போனதில் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்த இடமும் போனால் தாங்கமாட்டாள். சாவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, அக்கா போன் செய்தார்.

"அவங்க பதில் சொல்லிட்டாங்க."

"என்னக்கா சொன்னாங்க?"

"நாளிக்கு நேர்ல வந்து சொல்றேன். அதுவரிக்கும் பக்பக்குனு இரு."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

சாவுக்குப் பையன் வீட்டாரும் வந்தார்கள். மாலை போட்டார்கள். பையனின் அம்மா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். சாவு வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது. காரியம் முடிகிறவரை அவர்களும் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கமுடியாது. அக்கா, உங்கள் கால்மாட்டில் நின்று என் மகள் அப்படி அழுதாள். யாருக்காக அழுகிறாள் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

வாய்க்கரிசி போடும்போது உங்கள் வாயைத்தான் பார்த்தேன். இறுக மூடியிருந்தது. போய் வாருங்கள், பாப்பாக்கா. போனை வைக்கும்போது சிரித்தீர்களே, அது நல்ல சேதி கையிலிருக்கிற சிரிப்பா, இல்லை எப்போதும் சிரிக்கிற சிரிப்பா?