பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம்!

சபையின் வீட்டு ஜெபக் குழுவுக்கு, அதாவது செல் குரூப்புக்கு, லீடராக இருந்தால் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஆனால் எல்லார் வீட்டுச் சண்டையும் முதலில் நம் காதுக்குத்தான் வரும். "ஆறு மாசம் மட்டும் பாத்துக்குங்க சிஸ்டர்" என்று பாஸ்டர் சொல்லி ஏழு வருஷமாச்சு. உங்களுக்கும் அப்படித்தானா? அப்ப வாங்க, பக்கத்தில் உட்காருங்க, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

வார்டில் ஒரே கூட்டம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் ஜெலாப்பாங்கில் ரெஜினா அக்காவின் ஃப்ளாட்டில் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், கடைசியில் கோப்பி. இதற்கு எதற்குத் தனியாக ஒரு குழு, ஞாயிற்றுக்கிழமை சபை போதாதா என்று நானே கேட்டிருக்கிறேன். ரெஜினா அக்கா பித்தப்பை ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தபோதுதான் பதில் கிடைத்தது. அவர் தனி ஆள். நான் வாட்சாப்பில் ஒரே ஒரு வரி போட்டேன், அவ்வளவுதான்! ஒருத்தர் கஞ்சியோடு வந்தார், ஒருத்தர் துவைத்த துணியோடு வந்தார். லாரி ஓட்டும் தாமஸ் அண்ணே பாரிட் புந்தாரில் அரிசி ஏற்றிய கையோடு நேரே வார்டுக்கே வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றி நின்ற எங்களை நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தார். "ஆண்ட்டி, உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க மொத்தம் எத்தனை பேரு?"

பாஸ்டரின் சட்டம்

எங்கள் சபையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு செல்லில் பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். சின்னதாக இருந்தால்தான் புது ஆளுக்கும் இடம் இருக்குமாம். நியாயம்தான். ஆனால் நாங்கள் சரியாகப் பன்னிரண்டு பேர்! ஐயோ, இந்தக் கூட்டத்தைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்? யாரும் பேசி வைக்கவில்லை, ஆனாலும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவதை எல்லாருமே சத்தமில்லாமல் நிறுத்திவிட்டோம். ஆத்துமாக்கள் பெருக வேண்டும் என்று மட்டும் வாரா வாரம் உருக்கமாக ஜெபித்தோம். 'இந்த மாசம் ஆளுக்கொருத்தரைக் கூட்டிட்டு வாங்க' என்ற பாஸ்டரின் செய்தியை நான் வாசித்ததும் ஆளாளுக்குப் பைபிளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தாமஸ் அண்ணேதான் தொண்டையைச் செருமினார். "சுவிசேஷம் சொல்றது நல்லதுதான் சிஸ்டர், கொஞ்சம் மெதுவா சொல்வோம்லா."

பக்கத்து வீட்டு ஞானம்மா

ரெஜினா அக்காவின் பக்கத்து வீட்டுக்கு ஞானம்மா அக்கா குடிவந்தார். பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் இருந்தவர். வீட்டுக்காரர் இறந்ததும் மகன் இங்கே கூட்டி வந்துவிட்டான். மகனுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, இவருக்கு நாள் முழுக்கப் பேச ஆள் இல்லை. எங்கள் பாட்டைச் சுவர் வழியாகக் கேட்டுவிட்டு, "நானும் வரலாமா?" என்று மூன்று வாரம் கேட்டிருக்கிறார். மூன்று வாரமும் ரெஜினா அக்கா, "நாற்காலி பத்தாதுக்கா, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நான்காவது வெள்ளிக்கிழமை நான் படியேறி வந்தால், ஞானம்மா அக்கா நல்ல சேலை கட்டி, மடியில் பைபிளோடு தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் உள்ளே பாடும்போது அங்கிருந்தே கூடப் பாடுவாராம். மூன்று வாரமாக அப்படித்தானாம்! கையைப் பிடித்து, "உள்ள வாங்கக்கா" என்றேன். அவர் விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய், கக்கத்தில் ஒரு பாயோடு திரும்பி வந்தார். "நாற்காலி பத்தலேன்னாங்க, நான் கீழ உக்காந்துக்குறேன் சிஸ்டர், யாருக்கும் எடைஞ்சலா இருக்க மாட்டேன்."

பிரிந்த வெள்ளிக்கிழமை

அந்தப் பாயைப் பார்த்ததும் ரெஜினா அக்கா தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். மறுநாளே பாஸ்டருக்குப் போன் போட்டு, "பதின்மூணு பேர் ஆயிட்டோம், பிரிச்சிடுங்க" என்றேன். இரண்டாவது செல்லுக்கு ஞானம்மா அக்காவே வீடு கொடுத்தார். ரெஜினா அக்கா தன் வீட்டை எங்கள் ஏழு பேரிடம் விட்டுவிட்டு, அந்தப் புதுச் செல்லை நடத்தப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

முதல் வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பாட்டே ஏறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமோ அதிர்கிறது! ஆறு பேர் பாடினால் இவ்வளவு சத்தமா? கடைசி ஆமென் சொன்ன கையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசல் முழுக்கச் செருப்பு! ஞானம்மா அக்கா அந்த மாடியில் ஒரு கதவு விடாமல் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். கோப்பித் தட்டோடு வேர்க்க விறுவிறுக்க வந்த ரெஜினா அக்காவின் முகத்தைப் பார்க்கணுமே, அப்படி ஒரு சந்தோஷம்! "சிஸ்டர், இப்பவே பதினோரு பேரு! இந்த ஞானம்மா யாரையும் அடுத்த வாரம் வாங்கன்னு சொல்ல மாட்டேங்குறாங்க, நான் என்ன செய்ய!"

செல் குரூப் எதற்கு என்று யாராவது கேட்டால் இப்போது டக்கென்று சொல்வேன்: பிரியவே மனசு வராத அளவுக்கு ஒட்டிக்கொள்ளவும், அப்புறம் வாசலில் நிற்கிற ஆளுக்காக அழுதுகொண்டே பிரியவும்தான்.