நான்கு ஆணிக்குள் ஒரு சதுரம்

துறைமுகத்தில் அவரைச் சுரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முங்கி, படகுகளின் அடிவயிற்றில் ஒட்டியதையெல்லாம் கத்தியால் சுரண்டுவது அவர் பிழைப்பு. அதிலும் கடல்பீச்சி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. கட்டைவிரல் அளவுப் பை போன்ற உயிரி, அதற்கு இரண்டு வாய். ஒன்றில் தண்ணீரை இழுத்து, வடிகட்டித் தின்றுவிட்டு, மற்றதில் வெளியே விடும். மேலே கொண்டுவந்து அமுக்கினால் நேரே கண்ணில் பீச்சும். இருபது வருடம் பீச்சு வாங்கிய மனிதருக்குக் கோபம் இருக்காதா?

அப்படிப்பட்டவரைத்தான் ஆராய்ச்சி நிலையத்து மேடம் வாரம் ஒருநாள் வேலைக்கு வைத்திருந்தார். கடலடிப் பாறையில் நான்கு ஆணி அடித்த ஒரு சதுரம். அதிலுள்ள பீச்சிகளை எண்ண வேண்டும், தொடக்கூடாது. ஐந்து வருடமாக நடக்கும் கணக்கு.

அன்று மூன்று படகுகளைச் சுரண்டிவிட்டு நேரே அங்கே முங்கினார். கை பழக்கதோஷத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டது. சுதாரித்துப் பார்த்தால், சதுரம் மொட்டையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

“மீன் தின்னுடுச்சுன்னு சொல்லிடுங்களேன்,” என்றாள் மனைவி.

“நாலு ஆணிக்குள்ள மட்டும், கோடு போட்ட மாதிரி எந்த மீன் திங்கும்?”

வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் உண்மையைச் சொன்னார். மேடத்தின் முகம் செத்துவிட்டது.

“அஞ்சு வருஷம் அண்ணே! அறிவிருக்கா உங்களுக்கு?”

“இல்ல மேடம்.”

பாவம், மேடம் ஐந்து வருடக் கணக்கின் கீழே ஒரு கோடு கிழித்தார். பிறகு நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினார்.

“எத்தனை மணிக்குச் சுரண்டினீங்க?”

“பதினொண்ணே கால். பதறிப்போய் வாட்ச்சைத்தான் பாத்தேன்.”

“போனது போனதுதான். வெறும் பாறையில முதல் பீச்சி எப்ப வந்து ஒட்டுதுன்னாவது பாப்போம். இனி வாரம் ரெண்டு நாள் வாங்க. கத்தி இல்லாம.”

அந்த நாட்களில் கத்தியை மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். அடிப்பிடித்த பாத்திரத்துக்கு அதுபோல வராதாம்.

பீச்சிக் குட்டி கொஞ்ச நேரம்தான் நீந்தும். தலையை ஓரிடத்தில் ஒட்டிவிட்டால் ஆயுளுக்கும் அங்கேயேதான். மூன்றாம் வாரம் சதுரத்தில் கடுகளவு கண்ணாடிப் பொட்டு தெரிந்தது. அவர் கை தானாக இடுப்புக்குப் போய், வெறுங்கையாகத் திரும்பியது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணினார்: ஒன்று.