சகாயம் அண்ணன் குளிப்பாட்டிய பறவை

சென்ற வாரம் ஒரு காலை, எடைமேடை ஆபீஸ் வாசலில் லாரியை நிறுத்திய செல்வம், கீழே இறங்காமலேயே சொன்னார்: "சார், நம்ம சகாயம் அண்ணன் போயிட்டாருங்க." எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பல வருடமாக லாரி ஓட்டுகிறவர் செல்வம். வாய் ஓயாத மனிதர். அன்றைக்கு அந்த ஒரு வரியோடு லாரியை ஓரங்கட்டினார். அடக்கத்துக்கு அண்ணன் ஊரான ஏலாக்குறிச்சிக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம்.

சகாயம் அண்ணனும் நானும் அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை போட்டவர்கள். அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய சகுனப் பைத்தியமும் தெரிந்திருக்கும். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார்; ஆனால் பூனை குறுக்கே போனால், வேறு யாராவது தாண்டிப் போகும்வரை சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். "பங்குச் சாமியார் பார்த்தா என்ன சொல்வாருண்ணே?" என்று சீண்டினால், "அவரும் எனக்குப் பின்னால வந்து நிப்பாரு" என்பார்.

இருபது வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலை. குரும்பலூரில் இரவு நிறுத்தியிருந்த லாரியைச் செல்வம் கொண்டுவந்து மேடையில் ஏற்றினார். தார்ப்பாய்க் கயிற்றில் கால் சிக்கி ஒரு பறவை தொங்கியது. பனியில் குழைந்த கல்தூள் முகமெல்லாம் அப்பியிருந்தது. உடம்பும் வெள்ளை. எங்கள் இடத்தில் கிரஷர் தூள் படிந்து காக்கைகூட வெள்ளையாகத்தான் திரியும், அதனால் நாங்கள் யோசிக்கவே இல்லை. நகத்தைப் பார்த்துவிட்டுப் பருந்து என்று முடிவு கட்டினோம். அண்ணன் கயிற்றை அறுத்து எடுத்து, வாளித் தண்ணீரில் குளிப்பாட்டினார். எவ்வளவு தேய்த்தும் வயிற்று வெள்ளை போகவில்லை. முகத்துத் தூள் கரைந்ததும் அது கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. கூகை. எங்கள் பக்கத்தில் சாக்குருவி என்பார்கள்; அது வந்தால் வீட்டில் சாவு விழும் என்று நம்பிக்கை.

செல்வம் பின்னால் நகர்ந்துவிட்டார். "அண்ணே, கீழ போட்டுட்டு வாங்க. அண்ணி நெறமாசமா இருக்கிற நேரத்துல இதெல்லாம் வேணாம்."

அண்ணன் மனைவி லூர்துக்கு அது தலைப்பிரசவம். அண்ணன் கையில் பறவை நடுங்கியது. "பயமாத்தான்ப்பா இருக்கு. அதுக்காக நாமளே நனைச்சுட்டு, செத்துப்போன்னு தூக்கிப் போட முடியுமா?" என்றார். தன் துண்டால் துடைத்து, கூடையில் வைத்துக் கோணியால் மூடி, வெயில் விழும் ஜன்னலோரமாக வைத்தார்.

அன்று முழுதும் அவர் கேட்டது ஒன்றுதான்: இது எங்கேயிருந்து வந்தது? குரும்பலூர்ப் புளியமரத்திலிருந்து என்றார் செல்வம். பழைய சுரங்கப் பொந்தாக இருக்கும் என்றேன் நான். அண்ணனுக்கோ அது ஏலாக்குறிச்சி மாதா கோயில் கோபுரத்திலிருந்து வந்திருக்குமோ என்று சந்தேகம். "எங்க ஊர்லேர்ந்து வந்திருந்தா, ஏதோ சேதி கொண்டாந்திருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார். ஒரு லாரியின் எண்ணை இன்னொரு லாரியின் சீட்டில் எழுதினார்; நான் திருத்திக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்ந்ததும் கூடையைத் திறந்தார். அது அவர் கையைக் கீறிவிட்டுச் சத்தமில்லாமல் பறந்தது. எந்தத் திசையில் போகிறது என்று பார்க்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில நாளில் லூர்துக்குப் பிள்ளை பிறந்து, அன்றைக்கே இறந்தும் போனது. கல்லறைத் தோட்டத்தில் செல்வம் தாங்க முடியாமல், "அன்னைக்கே சொன்னேனே அண்ணே" என்று அழுதார். என் மனசிலும் அந்த வெள்ளை முகம்தான் வந்து நின்றது. பூனைக்கு நிற்கிற மனிதர் வேறென்ன சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் செல்வத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அது என்னப்பா பண்ணும்? நாம ஊத்துன தண்ணியில நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. எம் புள்ள சாவ அது மேல போடாத."

அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டிலோ ஆபீஸிலோ ஏதாவது கெட்டுப்போனால், பழியை யார் தலையிலாவது போட என் வாய் முதலில் துடிக்கிறது. அப்போதெல்லாம் அந்தக் குழிமேட்டில் அவர் நின்ற நிற்பு கண்ணில் வருகிறது, நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவ்வளவுதான். அண்ணே, எனக்கு அது போதும்.