பூச்சு காயும் வரை

அப்பாவின் மூச்சுக்காகத்தான் புது வீட்டுக்குப் போவதை நான் தள்ளிப்போட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலையில் உழைத்து, இளைப்பு வந்து, வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். கவரைப்பேட்டையில் எங்கள் மனையில் வீடு கட்டத் தொடங்கியதும் பட்டியலை நான்தான் எழுதினேன். சுவருக்கு அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல். வயல் மண்ணை வெட்ட வேண்டாம், சூளைக்கு விறகு வேண்டாம். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட். மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு. ஐம்பது வருடம் நிற்க வேண்டும் என்று மேலே எழுதியிருந்தேன்.

அப்பா படித்துப் பார்த்தார். "ஊடு அம்பது வருசம் நிக்கும், சரி. நான் எத்தினி நாள் நிப்பேன், அதயும் டெஸ்ட் பண்ணிச் சொல்லு" என்றார்.

பூச்சு முடிந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுவர்கள் காயவில்லை. சனிக்கிழமைதோறும் ஈரமானியைச் சுவரில் வைத்து, அறைவாரியாக எண்களைக் குறித்து வந்தேன்.

"பாலக் காய்ச்சிட்டு ஒரே ஒரு நாள் படுத்துட்டு வந்துர்றேன்மா" என்பார் அப்பா.

"ஈரம் இருக்கு நைனா. உன் நெஞ்சுக்கு ஆகாது."

"இந்த வாடக ஊட்ல மட்டும் இன்னா, ஏசியா போட்டுக்குது?"

மார்கழி பிறந்தது. அந்த மாதம் யாரும் குடிபோக மாட்டார்கள். தை பிறக்கட்டும் என்றேன். மார்கழியில் ஒரு காலை, டீயைப் பாதி குடித்த நிலையில் அப்பா இறந்துபோனார்.

மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மா இறங்கி வந்து அழுதார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா நெனச்சிக்காதம்மா, பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கேன். உங்க புது ஊட்டுக்கு எடுத்துகினு போயிடேன்" என்றார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒத்துக்கொள்ளவில்லை. "பால் காய்ச்சாத ஊட்டுக்குள்ள பொணமா? அப்பறம் எப்டிக்கா அதுல குடியிருப்பீங்க? தெருவுல பந்தல் போட்டுக்கலாம்."

"தெருவுல போடறதுக்கு அவரு இன்னா நாதியத்தவரா?" என்ற அம்மா என் பக்கம் திரும்பினாள். "செவுரு காஞ்சிச்சா?"

உள்ளறைகள் காயவில்லை. ஹால் காய்ந்துவிட்டது. போன வாரமே காய்ந்துவிட்டது. மார்கழிதானே, எல்லா அறையும் காயட்டும், மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணை மட்டும் குறித்துவைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

"ஹால் காஞ்சி ஒரு வாரம் ஆச்சும்மா."

அம்மா என்னையே பார்த்தாள். பால் வாங்கி வரச் சொல்லி மாமாவை அனுப்பினாள்.

வண்டி புது வீட்டு வாசலில் நின்றது. அப்பாவை அதிலேயே இருத்திவிட்டு, மிச்சமான கற்கள் மூன்றை ஹாலின் நடுவில் அடுப்பாக வைத்தேன். அம்மா பற்றவைத்தாள். மாமா வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார். பால் பொங்கியதும் அம்மா வெளியே போய், ஒரு கரண்டி எடுத்து அப்பாவின் உதட்டை நனைத்தாள்.

"காச்சியாச்சி. உள்ள வா" என்றாள்.

நான்கு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். எங்கே கிடத்துவது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்பு காய்ந்தது கிழக்குச் சுவர். அதை ஒட்டிக் கிடத்தச் சொன்னேன்.