மானுக்குப் பங்கு கேட்டவர்

மான் வேட்டைப் பயிற்சியில் நான் பாஸ். இந்த நாட்டில் அது சட்டப்படிதான். சான்றிதழ் இன்று தபாலில் வந்தது. வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

இதற்கு என்னைத் தள்ளிவிட்டவரே எங்கள் ஊர்க்காரர் ஜூட் அண்ணைதான். சேர்ந்து ஆடு வாங்கி இறைச்சியைப் பங்கு போடுவதுபோல மானுக்கும் போடலாம் என்று ஆறு வீட்டாரைச் சேர்த்து வாட்ஸப் குழுவும் தொடங்கினார்.

துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருப்பதற்கான அனுமதிப் படிவத்தில் எனக்கு நற்சான்று சொல்பவரின் பெயர் வேண்டும். “நான் இருக்கிறன்தானே” என்று மூன்று மாதமாகச் சொல்லிவந்தார்.

இன்று லண்டன் மனோர் பார்க்கில் அவர் வீட்டுக்குப் போய்ப் படிவத்தையும் பேனையையும் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பேனையைத் திருப்பித் தந்தார்.

“துவக்கு எண்டு கிடக்கிற கடதாசியில என்ர பேர் வேண்டாம், தம்பி. பொலிஸ் எனக்குப் போன் எடுக்கும்.”

“நீங்கள்தானே அண்ணை படிக்கச் சொன்னது?”

“ஓம். படிப்பு வேற, துவக்கு வேற.”

அந்தப் பயம் ஊரில் போர்க்காலத்தில் வந்தது என்று எனக்கும் தெரியும். அதை மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் வாட்ஸப்பைத் திறந்தேன். பங்குப் பட்டியலில் முதல் பெயர் இன்னும் அவருடையதுதான். பக்கத்தில் ‘பின்னந்தொடை’ என்று போட்டிருக்கிறார்.

பட்டியலைப் பிரதி எடுத்து, அதை அழித்துவிட்டு ‘கொம்பு’ என்று எழுதித் திரும்பவும் குழுவில் போட்டிருக்கிறேன்.

நான் செய்தது கூடிப்போச்சா? நீங்களே சொல்லுங்கோ.