பச்சைத் திரைக்கு வெளியே ஒரு பெஞ்சு

எங்கள் வார்டில் ஒரே ஒரு ஸ்கிரீன்தான் இருந்தது. இரும்புச் சட்டம், பச்சைத் துணி, கீழே நான்கு சக்கரங்கள். அதில் ஒரு சக்கரம் தள்ளும்போதெல்லாம் கிரீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் வார்டு முழுவதும் பேச்சை நிறுத்திவிடும். சாகப்போகிறவர்களின் கட்டிலைச் சுற்றித்தான் அதை வைப்பார்கள் என்று வந்து இரண்டு நாளான நோயாளிக்குக்கூடத் தெரியும். சிலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. சுதந்திரம் வந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருக்கும். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே வருவேன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். சத்தமில்லாமல் வேலை செய்கிற ஆயா என்று எனக்கு நல்ல பெயர்.

டைபாய்டு காய்ச்சலோடு ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்துத் தெருதான். அவள் கணவர் ரயில் பெட்டிகளைக் கழுவும் வேலையில் இருந்தார். குழாயடியில் இருவரையும் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்து, அப்போதுதான் கொஞ்சம் தேறத் தொடங்கியிருந்தாள்.

ஒரு நாள் மூன்றரை மணிக்குப் படுக்கையிலேயே அவளுக்கு வயிற்றால் போய்விட்டது. நான்கு மணிக்கு மணி அடித்தால் பார்வையாளர்கள் வந்துவிடுவார்கள். அவள் கூச்சத்தில் அழுதாள். எனக்கும் கூச்சமாக இருந்தது. ஆம்பிளைகள் வருகிற நேரத்தில் எப்படித் துடைப்பது? ஓரத்தில் நின்ற ஸ்கிரீனைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் கட்டிலைச் சுற்றி வைத்தேன். ஏன் வைக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. துடைத்து, துணி மாற்றி முடிப்பதற்குள் சிஸ்டர் கன்னடமும் தமிழுமாகக் கலந்து கூப்பிட்டார்.

"ஏ, பேக பா! இந்த ரத்தத்த லேபுல குடுத்துட்டு ஜல்தி வா. ரிப்போர்ட் வாங்காம வராத."

ஸ்கிரீனை எடுக்காமல் ஓடினேன். லேபில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவள் மூக்குத்தியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"பாப்பாவ எங்கண்ணன் வூட்டுல வுட சொல்லு தங்கச்சி" என்றாள் அவள். "மாமியாகிட்ட வேணாம். அது எப்பவும் அடிக்கும். அவரு ஏன் இன்னும் வரல?"

அவர் வந்திருந்தார். வாசலில் நின்று பச்சைத் துணியைப் பார்த்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார் என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் பிறகு என்னிடம் சொன்னாள்.

நான் ஸ்கிரீனை இழுத்து ஓரமாகத் தள்ளினேன். "ஒடம்பு தொடைக்கத்தான் வெச்சேங்க" என்று நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் நம்பவில்லை. சிஸ்டர் வந்து காய்ச்சல் அட்டையைக் காட்டிச் சத்தம் போட்ட பிறகுதான் நம்பினாள்.

ஆறு மணிக்கு அவள் சாய்ந்து உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் கணவரும் அவள் அண்ணனும் வந்து நின்றார்கள். அண்ணன் கையில் மஞ்சள் தடவிய புதுப்புடவை. பிறந்த வீட்டிலிருந்து செத்தவளுக்குப் போடுகிற கோடி. கீழே நாலு பேர் ஜட்காவோடு காத்திருந்தார்களாம். கணவர் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள்தான் முதலில் பேசினாள், பக்கத்துக் கட்டில் அம்மாளிடம். "பாத்தியாக்கா எங்கண்ணன? தீவாளிக்கு ஒரு பொடவ கேட்டேன், இல்லன்னுட்டான். செத்தா மட்டும் எடுத்தாந்துட்டான்!"

வார்டே சிரித்தது. அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார்.

"அத வூட்டுக்கு எடுத்துனு போவாத. எங்கனா போட்டுடு" என்றார் கணவர்.

அன்று நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக வெளி ஆம்பிளை ஒருவரிடம் தொடர்ந்து நாலு வார்த்தை பேசினேன். "என் தப்புதாங்கண்ணா. துணி மாத்தத்தான் வெச்சேன். இனிமே ஸ்கிரீன் இருந்தா பயப்படாதீங்க. ஒடம்பு தொடைக்கிறோம்னு அர்த்தம். வெளிய பெஞ்சுல உக்காருங்க, நானே கூப்புடறேன்."

அவர் என்னைக் கும்பிட்டார். இவ்வளவு பேசிவிட்டேனே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் நல்லபடியாகப் போயின. ஸ்கிரீனைத் தள்ளும்போதெல்லாம் "தொடைக்கத்தாம்மா, தொடைக்கத்தான்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவேன். இரண்டு முறை அவர் வந்தபோது ஸ்கிரீன் இருந்தது. சொன்னபடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் உள்ளே வந்து, "இன்னா மகாராணி, குளியல் ஆச்சா?" என்பார்.

"ஆச்சு. ரசஞ்சோறு எப்ப போடுவாங்கன்னு டாக்டர கேளு. கஞ்சி குடிச்சு குடிச்சு நாக்கு செத்துப்போச்சு" என்பாள் அவள்.

பத்தாவது நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வயிறு வலிக்கிறது என்றாள். ஒரு மணிக்குள் வயிறு பலகை போல் ஆகிவிட்டது. டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, அறுத்துத் தைக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பில்லை என்று அவர் சிஸ்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேசிய டாக்டர். நான் கையில் பெட்பேனோடு நின்றுகொண்டிருந்தேன். அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு சிஸ்டர் மெதுவாகச் சொன்னார். "ஸ்கிரீன் தள்ளிட்டு வா."

சக்கரம் கத்தியது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாள்.

"தொடைக்கத்தாம்மா" என்றேன்.

சொன்ன பொய்யை நிஜமாக்க வேண்டும் போலிருந்தது. வெந்நீர் கொண்டுவந்து துணியை நனைத்து முகத்தைத் துடைத்தேன். கழுத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் குளிர்ந்த வேர்வை வந்துகொண்டே இருந்தது.

நான்கு மணிக்கு மணி அடித்தது. "அவரு வந்தாரா?" என்று கேட்டாள்.

ஸ்கிரீன் இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. "வந்துருவாரு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். இந்த முறை குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நான் மறுபடியும் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாசல்தான் தெரிந்தது. பெஞ்சு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. பத்து நாளைக்கு முன் அதில் உட்காரச் சொன்னவளே நான்தான். இருந்தும் நினைவுக்கு வரவில்லை.

நாலேகால் மணிக்கு அவள் மூச்சு நின்றது. என் கை அவள் கைக்குள்ளேயே இருந்தது.

சிஸ்டரைக் கூப்பிட வெளியே வந்தேன். அவள் கணவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குட்டை. அதில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள். மேலே இருக்கிற வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அடுக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"உள்ள போலாமா தங்கச்சி? மணி அடிக்கிறப்பவே வந்துட்டேன். ஸ்கிரீன் இருந்துச்சா, நீ சொன்னபடி இங்கியே குந்திக்கினேன். சாறு புழிஞ்சு குடுக்கலாம் இல்ல?"

நான் ஒதுங்கி நின்றேன். வழி விட்டேன் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். "இன்னா மகாராணி" என்ற குரல் கேட்டது. பிறகு சக்கரம் கத்தியது.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு மாதம் கழித்துக் குழாயடியில் பார்த்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "கடைசியில என்னிய கேட்டாளா தங்கச்சி?"

"இல்லண்ணா" என்றேன். "தூக்கத்துலயே போய்ட்டாங்க."

அவர் தலையாட்டினார். என் குடத்தை முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். குடம் நிறைந்து வழிந்ததை நான் கவனிக்கவில்லை. அவர்தான் குழாயை மூடினார்.